விடுபட்ட நான்கு வரிகள்

அந்தக் கவிதையின் கடைசி வரியில் முற்றுப்புள்ளி கிடையாது. வியோலா நிஸ்கனேன் அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கியது அவள் எழுதிய சொற்களால் அல்ல, வேண்டுமென்றே வைக்காமல் விட்டாள் என்று எல்லோரும் நம்பிய அந்த ஒரு புள்ளியால்தான்.

கவிதைக்கு 'பிப்ரவரி' என்று பெயர். சுப்பீரியர் ஏரிக்கரையில் பிறந்த மூன்று பிள்ளைகளைப் பற்றியது. உறைந்த விரிகுடாவின் மேல் நடந்து போகிறார்கள். கடைக்குட்டி வெய்க்கோவின் காலடியில் பனிக்கட்டி உடைகிறது. மூத்தவள் தைமி குப்புற விழுந்து தம்பியின் கையைப் பிடிக்கிறாள். நடுவில் பிறந்த வியோலா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். புத்தகத்தில் அது இப்படி முடிகிறது:

என் அக்கா கையை விட்டாள்
ஓடினாள்
திரும்பிப் பார்க்கவில்லை

அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் தாள்.

அங்கே புள்ளி இல்லாததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. வாக்கியம் அங்கே முடியவில்லை. பக்கத்தைத் திருப்பினால் மிச்சம் இருந்திருக்க வேண்டும்:

ஏணி கைக்குக் கிடைக்கும்வரை.
அவளைவிட நீளமான ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள்,
வயிறு பனிக்கட்டியில் தேய ஊர்ந்து வந்தாள்,
யாரும் இனி இல்லாத இடத்துக்கு.

இந்த நான்கு வரிகளும் அச்சாகத்தான் செய்தன. அச்சிட்டவர் ஊரிலேயே கொட்டகையில் சின்ன அச்சகம் வைத்திருந்த எய்னார் மத்தில்லா. ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து, பொறுமையாக அடித்து, தாள்களைச் சமையலறையில் அடுக்கி வைத்திருந்தார். புத்தகத்தின் கடைசித் தாள் மட்டும் தனியாக அடுப்போரம் இருந்தது. அவர் மனைவி அதைக் கழிவுத் தாள் என்று நினைத்து, குளிருக்கு அடுப்பு மூட்டத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல தாள், நன்றாகப் பற்றியிருக்கும். எய்னார் தைக்க உட்கார்ந்தபோது கவிதை 'பார்க்கவில்லை' என்று கச்சிதமாக முடிந்த மாதிரிதான் இருந்தது. தைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். இப்போது அவரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. வியோலா தட்டச்சு செய்து கொடுத்த பிரதி அச்சகத்தின் எலிகளுக்குப் போயிற்று. கார்பன் வைத்து அடிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. மனப்பாடமாகத் தெரிந்ததற்கு நகல் எதற்கு என்று அன்றைக்கு நினைத்தாள்.

அவள் எய்னாரிடம் போய்ச் சண்டை பிடித்து முடிப்பதற்குள் நியூயார்க்கில் ஒரு பத்திரிகை மதிப்புரை எழுதிவிட்டது. 'குற்றத்துக்கு முற்றுப்புள்ளி கிடையாது என்று இந்தக் கவிஞர் அறிந்திருக்கிறார்' என்றது அது. பிறகு விருது வந்தது. பெரிய பதிப்பகம் ஒன்று புத்தகத்தை அப்படியே படமெடுத்து மறுபதிப்புப் போட்டது. வரிகளைச் சேர்க்கும்படி வியோலா கேட்டபோது, விருது இந்த வடிவத்துக்குத்தானே கொடுத்தார்கள் என்று பதில் வந்தது. ஒருவிதத்தில் நியாயம்தான். தலைவலிக்கு மருந்து கேட்டவனுக்குத் தொப்பியைக் கொடுத்து அனுப்புகிற நியாயம்.

அவள் சும்மா இருக்கவில்லை. மேடை கிடைத்த இடத்திலெல்லாம் முழுக் கவிதையையும் வாசித்தாள். மக்கள் மரியாதையாகக் கேட்டார்கள், கண்ணைக்கூடத் துடைத்தார்கள். அடுத்த மாதமே ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. வயது ஆக ஆகக் கவிஞரின் கூர்மை மழுங்குகிறது, தன் கவிதையைத் தானே சாந்தப்படுத்தப் பார்க்கிறார், ஆனால் கவிதை அவரைவிட நேர்மையானது என்று எழுதியிருந்தார்கள். அச்சுப்பிழை என்று அவள் பேட்டி கொடுத்தாள். 'மறுப்பின் அழகியல்' என்று அதற்கும் ஒரு கட்டுரை வந்தது. அவள் வாயைத் திறந்தால் ஒரு கட்டுரை, மூடினால் இரண்டு. கவிஞர் தன் கவிதையைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று ஆய்வு எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்.

இதையெல்லாம் வியோலா தாங்கிக்கொண்டிருப்பாள். கவிஞர்களைப் பற்றி யாராவது எதையாவது எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். அவளால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. தைமி இன்னும் உயிரோடு அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

தைமி மளிகைக் கடையில் கணக்குப் பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, புருஷனைப் புதைத்து, எண்பதைத் தாண்டியவள். அச்சில் வந்தால்தான் அவளுக்கு எதுவும் உண்மை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், பேப்பரில் வெயில் என்று போட்டிருந்தால், 'சாயங்காலம் விட்டுடும் பாரு' என்பாள். புத்தகம் வந்த அன்றைக்கே வியோலா ஓடிப்போய், கடைசியில் நான்கு வரி விட்டுப்போச்சு, அது உன்னைப் பற்றி, நீ ஏணி கொண்டுவந்ததைப் பற்றி என்று சொல்லியிருந்தாள். 'சரி சரி, அட்டை நல்லா வந்திருக்கு' என்று தைமி புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். அதற்குப்பின் அக்கா தங்கை இருவரும் பனி, ரொட்டி, முட்டிவலி ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசினார்கள். சனிக்கிழமை சேர்ந்து சானா என்ற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கவிதையை மட்டும் இருவரும் தொடவில்லை. அது பள்ளிப் பாடத்திலும் வந்துவிட்டது என்பது ஊருக்கே தெரியும். கடையில் யாராவது தைமியை ஒரு விநாடி கூடுதலாகப் பார்ப்பார்கள். தைமி மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்து அனுப்புவாள்.

ஆகவே பதிப்பகம் வியோலாவின் எல்லாக் கவிதைகளையும் ஒரே தொகுப்பாகப் போடப்போகிறோம் என்று சொன்னபோது, அவளுக்கு அதில் ஒரே ஒரு பக்கம்தான் கண்ணில் பட்டது. தைமி கண்ணை மூடுவதற்குள் அந்த நான்கு வரிகளும் கனமான அட்டைக்குள், நல்ல தாளில், அவள் நம்புகிற அச்சில் வந்துவிட வேண்டும்.

தொகுப்பாசிரியர் பேராசிரியர் லேத்ரோப். முற்றுப்புள்ளி இல்லாததைப் பற்றித் தலையணை பருமனுக்குப் புத்தகம் எழுதியவர். இலையுதிர்காலத்தில் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து, வியோலாவின் சமையலறையில் உட்கார்ந்து, அவள் சுட்ட ஏலக்காய் ரொட்டியை ஆசையாகச் சாப்பிட்டார். வில்லன் மாதிரி இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பின்னிய கம்பளிச் சட்டை போட்ட, காது கொஞ்சம் மந்தமான, நல்ல மனிதர்.

"அந்த வரிய நீங்க எழுதலன்னு நான் சொல்லவே இல்ல வியோலா. எப்ப எழுதினீங்கங்கிறதுதான் கேள்வி" என்றார்.

"அப்பவேதான். மத்த வரியோட சேர்த்து."

"ஆதாரம்?"

"நான்தான் ஆதாரம். எழுதினவ நான்தானே."

"அதான் சிக்கலே. எழுதினவங்க சொல்றத ஆதாரமா எடுத்துக்கிட்டா எங்க துறையையே இழுத்து மூட வேண்டியதுதான்."

"மூடுங்களேன். யாருக்கு நஷ்டம்?"

அவர் சிரித்தார். ரொட்டியில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். பிறகு வேறு குரலில் பேசினார்.

"ஒன்னு சொல்லட்டுமா. காலேஜ்ல படிக்கிறப்ப எங்கப்பா சாகக் கிடந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டு ஓடி வந்துட்டேன். உள்ள போற தைரியம் இல்ல. அடுத்த வாரம் உங்க கவிதைய படிச்சேன். உங்கக்கா ஓடறாங்க, திரும்பிப் பாக்கல. புள்ளிகூட இல்ல. என்னை மாதிரி இன்னொருத்தி இருக்கான்னு தெரிஞ்சப்பதான் நான் மறுபடி தூங்கினேன். அந்த ஏணிய உள்ள வச்சீங்கன்னா நான் எங்க போவேன்?"

திட்டலாம் என்றால் அந்த ஆள் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். வியோலா ஒரு சொல்லைக்கூட அவருக்காக எழுதவில்லை. ஆனாலும் அவர் வாழ்க்கை அதன்மேல் நின்றுகொண்டிருந்தது.

"அந்த ஏணி நெஜமா இருந்துச்சு, லேத்ரோப்" என்றாள் மெதுவாக.

"இருந்திருக்கும். வாழ்க்கையில இருந்திருக்கும். கவிதையில இல்ல."

"என் அக்கா இருக்கா. வாழ்க்கையிலதான் இருக்கா. எண்பது வயசு தாண்டிடுச்சு. அவளுக்காகப் போடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

இதைச் சொன்னதற்காக அன்று முழுக்க அவளுக்குத் தன்மேலேயே கோபமாக இருந்தது. ஆனால் சொன்னது பலித்தது. மூலபாடத்தில் கை வைக்க முடியாது, பின்னிணைப்பில் பாடபேதமாகப் போடலாம் என்றார் லேத்ரோப். வியோலா சரி என்றாள். எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, அச்சுதானே. தைமி அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் விடாமல் படிக்கிறவள். விலைப்பட்டியலைக்கூட முன்னுரையிலிருந்து தொடங்குவாள்.

அச்சுக்கு முன் திருத்திப் பார்க்க மெய்ப்பு வந்தபோது வியோலா பின்னிணைப்பைத்தான் முதலில் பிரித்தாள். நான்கு வரிகளும் இருந்தன. 'கைக்குக் கிடைக்கும்வரை' என்பதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தது. அவள் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வசந்தத்தில் புத்தகம் வந்தது. கனமான அட்டை, தைத்த முதுகு, பட்டு நாடா. அவள் பின்னிணைப்பைப் பிரித்தாள். வரிகளுக்குக் கீழே, மெய்ப்பில் இல்லாத ஒரு குறிப்பு, பொடி எழுத்தில் இருந்தது: 'பிற்காலத்தில், தம் சகோதரி மீது கொண்ட பரிவினால், கவிஞர் சேர்த்த வரிகள்.'

அவள் உடனே பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவள் ரோவினா என்ற உதவி ஆசிரியை. தேனொழுகப் பேசுகிறவள்.

"அந்தக் குறிப்ப யார் போட்டது?"

"புரொபசர்தான் கடைசி நேரத்துல அனுப்பினார். குறிப்பு இல்லாம வரி மட்டும் இருந்தா வாசகருக்குக் குழப்பமா இருக்கும்னார். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அழுதுட்டோம். எவ்ளோ நெகிழ்ச்சியா இருக்கு தெரியுமா?"

"அது பொய்ம்மா."

"புரியுது" என்றாள் ரோவினா, கொஞ்சமும் புரியாத குரலில். "அடுத்த பதிப்புல பேசிப் பாக்கலாம். புத்தகமெல்லாம் கடைக்குப் போயிடுச்சு."

அடுத்த பதிப்பு. வியோலா போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். தைமிக்குப் புத்தகத்தைக் கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று யோசித்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் பிளேடால் வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்றும் யோசித்தாள். வெட்டினால் வரிகளும் போகும். வரியும் குறிப்பும் ஒரே தாளில் அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தன.

யோசித்தது வீண். மறுநாள் தைமி வீட்டுக்குப் போனபோது சமையலறை மேஜைமேல் அந்தப் புத்தகம் இருந்தது. பக்கத்தில் பூதக்கண்ணாடியும் இருந்தது.

"பூட்ஸ கழட்டிட்டு வாடி. தரைய இப்பதான் துடைச்சேன்" என்றாள் தைமி.

"இது எப்படி வந்துச்சு?"

"புக் கடைல வாங்கினேன். தங்கச்சி புக்க ஓசியில படிக்கிறதா? உக்காரு. காப்பி இருக்கு."

வியோலா உட்கார்ந்தாள். பட்டு நாடா கடைசிப் பக்கங்களுக்கு நடுவே கிடந்தது.

"பின்னாடி வரைக்கும் படிச்சிட்டியா?"

"படிச்சேன். அந்த புரொபசர் நல்லா எழுதறார். பரிவினாலன்னு போட்டிருக்கார். நல்ல வார்த்தை."

"அது தப்பு, தைமி. நான் பின்னாடி சேக்கல. அப்பவே எழுதினது. எய்னார் பொண்டாட்டி அந்தத் தாள அடுப்புல போட்டுட்டா. உன்கிட்ட அன்னைக்கே சொன்னேனே."

"சொன்ன, சொன்ன."

"நம்பலயா நீ?"

தைமி காப்பியை ஊற்றினாள். இந்த வயதிலும் அவள் ஊற்றினால் ஒரு சொட்டு வெளியே சிந்தாது.

"உனக்குச் சின்ன வயசுலேந்தே இளகின மனசு. கோழி அடிச்சா கோழிக்கறி திங்க மாட்ட. எனக்காக இத்தன வருஷம் ஊர் ஊராப் போயி சொல்லிட்டிருந்திருக்க. பேப்பர்ல உன்ன கிண்டல் பண்ணியும் விடல. எனக்கு அதுவே போதும் வியோலா."

"போதாது. எனக்குப் போதாது. நீ ஏணி எடுக்கத்தான் ஓடின. லாத்தி வீட்டு மீன் கொட்டகைல சாத்தியிருந்த ஏணி. ஆளுங்க வந்தப்ப நீ அதுமேல குப்புறக் கிடந்த. உன்னப் பிச்சு எடுக்க வேண்டியிருந்துச்சு."

தைமி சன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, விலை மறந்துபோன சாமானைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு அது ஞாபகம் இல்லடி."

வியோலா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முதல்ல இருந்துச்சு" என்றாள் தைமி. "ஏணி எடுத்தேன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன். அப்புறம் உன் புக்கு வந்துச்சு. விமர்சனம் எல்லாம் வந்துச்சு. லைப்ரரிக்குப் போயி ஒன்னு விடாம படிப்பேன், உனக்குத் தெரியாது. அப்புறம் பேத்தி மார்லிஸ் ஸ்கூல்லேந்து பாடத்தக் கொண்டு வந்தா. அக்கா ஏன் ஓடினாள்னு கேள்வி. பாட்டி சொல்லிக் குடுன்னா. கையேட்டப் பாத்து நான்தான் சொல்லிக் குடுத்தேன். பயத்தினால், தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளன்னு. முழு மார்க் குடுத்தாங்க."

"தைமி."

"இப்ப கண்ண மூடினா நான் ஓடறது நல்லாத் தெரியுது. கரை தெரியுது, உன் சிவப்பு கோட்டு தெரியுது. ஏணி தெரியல. எவ்ளோ தேடிப் பாத்துட்டேன்."

"நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்."

"நீ கரையில நின்னு கத்தி அழுதிட்டிருந்த. எட்டு வயசு. உனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? இத்தன பேர் படிச்சவங்க, பெரிய பெரிய புரொபசருங்க, அவ்ளோ பேருமா தப்பாச் சொல்லுவாங்க?"

வியோலா யாரிடம் போய் முறையிடுவது? அந்த ஏணியைப் பார்த்த ஆண்கள் எல்லோரும் கல்லறையில் இருக்கிறார்கள். லாத்தி வீட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது படகு நிறுத்துமிடம். நாடு முழுக்கச் சேர்ந்து ஒரு கிழவியின் தலைக்குள் கையை விட்டு ஒரு ஏணியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் கவிதை பிடித்திருந்தது, அவ்வளவுதான். அவர்கள் நுழைவதற்குக் கதவு செய்து கொடுத்தது அவளுடைய மூன்று வரிகள்.

தைமி ரொட்டியை அறுத்துத் தங்கையின் தட்டில் வைத்தாள்.

"ஒன்னு செய்யி. அடுத்த தடவ போடறப்ப அந்த நாலு வரிய எடுத்துடச் சொல்லு. அக்காவுக்காகப் பொய் எழுதினான்னு உன் பேருக்குக் கீழ எதுக்கு இருக்கணும்? எனக்கு இனிமே என்ன, இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

வியோலாவிடம் வேறு எதுவும் இல்லாததால், அந்தக் கவிதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மேடையில் சொல்வது போல அல்ல, மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சொன்னாள். பனிக்கட்டி உடைந்தது. கை பிடித்தது, கை விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, ஏணி கைக்குக் கிடைக்கும்வரை. அங்கே நிற்காமல் தொடர்ந்தாள். இழுத்துக்கொண்டு வந்ததையும், ஊர்ந்து வந்ததையும், யாரும் இனி இல்லாத இடத்தையும் சொல்லி முடித்தாள்.

தைமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, கடைசிவரை கவனமாகக் கேட்டாள். யாரோ ஒரு வெளியூர்ப் பெண்ணின் கதையைக் கேட்பவள் போல அவள் முகம் இளகியது.

"நல்ல பொண்ணு" என்றாள். "அந்த மாதிரி ஒருத்தி அன்னைக்கு அங்க இருந்திருக்கலாம்."